வரலாற்றுத் துறையை மூட முடிவெடுத்த கல்லூரி ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆட்சிக்குழுத் தலைவர், செயலர், உறுப்பினர்கள் அனைவரின் கவனத்துக்கும்.

வரும் கல்வியாண்டிலிருந்து பி.ஏ. வரலாறு முதலாமாண்டுக்குச் சேர்க்கை கிடையாது என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் முடித்து வெளியேறியதும் துறையே இருக்காது. அந்த அறைகளில் தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் நடக்கும். "நவீன உலகின் தேவைகளுக்கு ஏற்ப" என்று அறிவிப்பில் காரணம் சொல்லியிருக்கிறீர்கள். இந்த முடிவை நான் ஏற்கவில்லை. அந்தக் காரணத்தை அதைவிடவும் ஏற்கவில்லை.

நான் அந்தத் துறையில் படித்தவள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து, எங்கள் குடும்பத்திலேயே முதல் பட்டம் வாங்கியவள். இன்று உசிலம்பட்டியில் ஒரு இ-சேவை மையம் நடத்துகிறேன். நீங்கள் சொல்லும் நவீன உலகம் தினமும் காலையில் என் மையத்து வாசலில் வரிசையில் நிற்கிறது. பிறந்த தேதி திருத்த வேண்டும், பட்டாவில் பெயர் மாற்ற வேண்டும், செல்போன் எண் மாறிவிட்டது, ஓ.டி.பி. வரவில்லை. அதனால் நான் சொல்லப்போவது பழைய நினைப்பில் சொல்வதல்ல. தினமும் அதற்குள் வேலை பார்ப்பவளாகவே சொல்கிறேன்.

கணினியும் செல்போனும் கடைசியாக வந்து சேர்ந்தவை. இந்த உலகத்தை முந்தைய காலங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது எது என்று கேட்டால் நான் வேறு சிலவற்றைச் சொல்வேன். அரசு ஒவ்வொரு ஆளையும் தனித்தனியே பெயர், எண், அடையாளத்தோடு தெரிந்து வைத்திருக்கிறது. எங்கோ கடல் கடந்த சந்தையில் நடப்பது நம் காட்டில் விளைந்ததன் விலையை மாற்றுகிறது. கடிகாரம் உழைப்பை அளக்கிறது. பிறப்பால் யாரும் மேலில்லை, கீழில்லை என்று சட்டம் சொல்கிறது. இவற்றில் ஒன்றுகூடத் தானாக முளைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு, முடிவெடுத்த ஆட்கள் உண்டு, அதனால் வாழ்ந்தவர்களும் நொந்தவர்களும் உண்டு. அவற்றில் பல நம் மதுரையைச் சுற்றியே நடந்தன. மூன்று வருடம் அந்தத் துறையில் நான் கற்றது இதுதான். நீங்கள் மூடுவதும் இதைத்தான்.

ரேகையிலிருந்து தொடங்குகிறேன், அது என் தொழில். ரேஷன், முதியோர் பென்ஷன், வங்கிக் கணக்கு, எதற்கு வந்தாலும் விரலை வைக்க வேண்டும். செங்கல் சூளையிலும் களத்துமேட்டிலும் காலமெல்லாம் உழைத்த கிழவிகளுக்கு விரலில் ரேகை தேய்ந்து போயிருக்கும். கருவி ஏற்காது. சேலையில் துடைத்துவிட்டு அடுத்த விரலை வைக்கச் சொல்வேன். அதுவும் ஏற்காவிட்டால் கண்ணைக் காட்டச் சொல்வேன். "நான் நான்தான்னு நீ சொன்னாப் பத்தாதாத்தா?" என்று ஒரு அப்பத்தா என்னிடம் கேட்டார். பத்தாது என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த ஏற்பாடு எங்கே பிறந்தது? 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குச் சரக்குத் தர ஒப்புக்கொண்ட ஒருவர் பின்னால் மறுத்துப் பேசக் கூடாது என்பதற்காக அவருடைய உள்ளங்கையை மையில் ஒற்றிப் பத்திரத்தில் பதிய வைத்தார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைக்கென்றே ஓர் அலுவலகம் திறந்தார்கள். ரேகையைச் சேர்த்து வைப்பது சுலபம், ஆயிரக்கணக்கான தாள்களில் வேண்டியதைத் தேடி எடுப்பதுதான் கஷ்டம். அதற்கு வழி கண்டதில் அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியப் போலீஸ்காரர்களின் பங்கு பெரியது. பத்து விரல்களில் எதில் சுழி இருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்து, எல்லாத் தாள்களையும் 1024 பிரிவுகளாக அடுக்கினார்கள். முறைக்குப் பெயர் என்னவோ அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர்தான். 1901இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டு அதை எடுத்துக்கொண்டது. உண்டு, இல்லை என்று இரண்டே விடை உள்ள பத்துக் கேள்விகள், 1024 பிரிவுகள். நீங்கள் தொடங்கப்போகும் தரவு அறிவியல் வகுப்பில் முதல் வாரமே இந்த எண் வரும். அது கல்கத்தாவில் இந்திய விரல்களை வைத்துக் கட்டப்பட்ட கணக்கு என்பதை அங்கே யார் சொல்லித்தருவார்கள்?

அந்த ரேகை எங்கள் ஊருக்கு வந்த கதை வேறு. 1871இல் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911இல் திருத்தி எழுதி, சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். பிறமலைக் கள்ளர் உட்படப் பல சமூகங்கள் அதற்குள் வந்தன. ஒருவர் என்ன செய்தார் என்று பார்க்கவில்லை, எந்தச் சாதியில் பிறந்தார் என்று பார்த்தார்கள். ஆண்கள் ரேகை பதிய வேண்டும். ராத்திரி ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதை ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். என் கொள்ளுத்தாத்தா பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போய்வரக்கூட ராத்திரிச் சீட்டுக்குக் காத்து நின்றதை என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி எங்கள் பக்கத்துப் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்த ஜனங்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் அதில் இறந்துபோனார். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 வரை ஆனது.

எங்கள் ஊர்க்காரர்கள் உயிரைக் கொடுத்து மறுத்த ரேகையை, அவர்கள் பேரப்பிள்ளைகளிடமிருந்து இன்று நான் வாங்குகிறேன். இன்று அது பென்ஷன் வாங்கித் தருகிறது, போலி ஆள் உள்ளே வராமல் தடுக்கிறது, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ரேகை அன்றும் இன்றும் அதே ரேகைதான். அது யார் கையில் இருக்கிறது, எந்தச் சட்டத்தின் கீழ் வாங்குகிறார்கள், மறுக்க வழி உண்டா என்பவைதான் வேறு. இதைக் கேட்கத் தெரியாத ஒரு பிள்ளை நாளை கோடிக்கணக்கான மனிதர்களின் தரவை வைத்து நிரல் எழுதப் போகிறது என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கும் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே ஆட்சி, அதே காலத்தில் திறந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் ஒன்றில்தான் என் அம்மா எழுத்துக் கற்றார். அவர் கற்றதால்தான் நான் கல்லூரிக்கு வந்தேன். இரண்டும் நடந்தது, இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள் என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். ஒரு பக்கத்தை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதிக் கொண்டுபோனால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவர்தான் எங்களை டேப் ரெக்கார்டரோடு ஊர் ஊராக அனுப்பியவர். ரேகைச் சட்டத்தில் அப்பனைப் பறிகொடுத்த கிழவர்கள், சிலோன் தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர்கள், மில்லில் நூல் சுற்றும் பாபின் மாற்றிய பெண்கள், எல்லோரையும் பேச வைத்துப் பதிவு செய்தோம். அந்தக் கேசட்டுகளும் எழுதிய நோட்டுகளும் துறையின் அலமாரியில் இருந்தன. போன மாதம் வந்து பார்த்தேன். அலமாரியைக் காலி செய்து, எல்லாவற்றையும் அட்டைப்பெட்டிகளில் போட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். ஒரு பெட்டியின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. அந்தக் கேசட்டுகளில் பேசியவர்களில் எனக்குத் தெரிந்து ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை. அவர்கள் சொன்னது வேறு எந்த அலுவலகக் கோப்பிலும் கிடையாது. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, அவ்வளவு கோபம்.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மழை பொய்த்ததற்குக் காரணம் பசிபிக் கடல் சூடேறியது என்று இன்று வானிலை அறிஞர்கள் சொல்கிறார்கள். அதே ஆண்டுகளில் சீனாவிலும் பிரேசிலிலும் பஞ்சம். ஆனால் மழை இல்லாததால் மட்டுமே அத்தனை பேர் சாகவில்லை. அப்போதுதான் திருச்சியிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை ரயில் வந்திருந்தது. தானியம் விலை எங்கே அதிகமோ அங்கே போனது, கப்பலும் ஏறியது. சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்பது அன்றைய ஆட்சியின் கொள்கை. நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. உலகச் சந்தை, ரயில், கப்பல், கணக்கு பார்க்கும் நிர்வாகம், எல்லாம் அப்போதே நம்மிடம் வந்துவிட்டன. அவற்றோடு சாவும் வந்தது. அந்தச் சாவுக்குப் பிறகுதான் பஞ்சக் கமிஷன் அமைத்து, பஞ்சம் வந்தால் அரசு என்ன செய்ய வேண்டும் என்று விதிகள் எழுதினார்கள். சாப்பாட்டுக்கு வழியில்லாதவருக்கு அரசு வேலை கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்த வழிகளில் அது ஒன்று. என் மையத்தில் நூறு நாள் வேலைப் பணம் வந்துவிட்டதா என்று கேட்டு நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

முல்லைப் பெரியாறு அணையும் அந்தப் பஞ்சத்தின் வாரிசுதான். மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றை மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பலாம் என்று ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 18ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே நினைத்தார், பணம் இல்லை. பஞ்சம் வந்த பிறகுதான் வேலை நகர்ந்தது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூரோடு 999 வருடக் குத்தகை, 8000 ஏக்கர், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய். ஜான் பென்னிகுவிக்கின் தலைமையில் சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும் வைத்துக் கட்டி 1895இல் திறந்தார்கள். மலைக்காய்ச்சலில் கூலியாட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் பிள்ளைகளுக்குப் பென்னிகுவிக் என்று பெயர் வைக்கிறார்கள், அந்த நன்றி நியாயமானது. மேலூர் வரைக்கும் நெல் விளைந்தது. எங்கள் உசிலம்பட்டி மேட்டுக்கு அந்தத் தண்ணீர் வரவில்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் 58 கிராமக் கால்வாய்க்காக எங்கள் ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகள் மனுக் கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையும் மனிதர்கள்தான் முடிவெடுக்கிறார்கள் என்று எங்களுக்கு அந்தக் கால்வாய் கற்றுத் தந்தது. 1886இல் எழுதிய அந்தக் குத்தகைப் பத்திரத்தின் மேல் இரண்டு மாநிலங்கள் இன்னும் வழக்காடுகின்றன. ஐந்து மாவட்டத்து விவசாயம் தொங்கும் அந்தப் பத்திரத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைகள் மதுரையில் வேண்டாமா?

மில்லைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், என் மாமனார் இருந்தால் விரிவாகச் சொல்லியிருப்பார். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வந்ததும் இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு கிடைக்காமல் போனது. நம் கரிசல் காட்டுப் பருத்திக்கு விலை ஏறியது. 1865இல் போர் முடிந்ததும் விலை விழுந்தது. அமெரிக்காவில் அடிமைமுறையை எதிர்த்து நடந்த போர் கரிசல் காட்டுக் குடியானவனின் கடனைத் தீர்மானித்தது. அந்தப் பருத்தியை நம்பித்தான் பின்னால் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் ஆலை கட்டினார்கள், 1892இல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மதுரை மில். அந்த மில் சங்கு ஊதும் நேரத்தை வைத்துத்தான் சுற்றியிருந்த தெருக்கள் உலை வைத்தன, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பின. பொழுதைப் பார்த்து வேலை செய்த ஜனம் சங்கைக் கேட்டு வேலை செய்யப் பழகியது. எட்டு மணி நேர வேலை என்பதைச் சங்கமாகச் சேர்ந்து, வேலைநிறுத்தம் செய்து, வேலையிழந்துதான் வாங்கினார்கள். இன்று செல்போனில் ஆர்டர் வந்தால் எந்நேரமும் வண்டி எடுக்கும் நம் பையன்களுக்கு, அந்த எட்டு மணி நேரம் எப்படி வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்றும்.

1939 ஜூலை 8ஆம் தேதியையும் இதோடு வையுங்கள். அன்றுதான் காங்கிரஸ்காரரான வைத்தியநாதய்யர், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கூட்டிக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். நூற்றாண்டுகளாக வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே போனார்கள். அதற்குப் பிறகுதான் அந்த நுழைவுக்குப் பாதுகாப்பாகச் சட்டம் வந்தது. வாசல் முதலில், சட்டம் அடுத்து. ரயிலைவிட, மில்லைவிட இதைத்தான் நான் பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் மற்றவையெல்லாம் நம்மைக் கேட்காமல் நம் மேல் வந்து விழுந்தவை. இதை நம் ஊரே செய்தது. இன்றும் எத்தனையோ கிராமங்களில் அந்த வேலை முடியவில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

மதுரை வாங்கிக்கொண்டது மட்டுமல்ல, கொடுத்ததும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட ஆங்கிலேய விமானிகளின் கண்ணில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் தைத்தன. அந்தச் சில்லுகளால் கண் புண்படாமல் இருப்பதை ஹரோல்ட் ரிட்லி என்ற மருத்துவர் கவனித்தார். 1949இல் லண்டனில் அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து கண்புரை வந்தவரின் கண்ணுக்குள் வைத்தார். ஆனால் அது பணக்கார நாட்டு வைத்தியமாகவே பல காலம் இருந்தது. 1976இல், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு, மதுரையில் 11 படுக்கைகளில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் அவர்கள் லென்ஸை மதுரையிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். வெளிநாட்டில் நூறு டாலருக்கு மேல் விற்ற பொருள் சில டாலருக்கு வந்தது. இன்று நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. எங்கள் ஊரில் கண்ணில் லென்ஸ் வைக்காத கிழவர் கிழவியைப் பார்ப்பது அரிது. லென்ஸ் செய்யத் தொழில்நுட்பம் போதும். அதை ஏழைக்கும் வைக்க வேண்டும், அதற்கு விலை என்னவாக இருக்க வேண்டும் என்று யோசிக்க வேறொரு படிப்பு வேண்டும். ஏழைகள் ஏன் குருடாகிறார்கள், மருத்துவம் ஏன் அவர்களை எட்டுவதில்லை என்ற கேள்வி அந்தப் படிப்பில் வரும்.

கீழடி அருங்காட்சியகத்துக்குக் கல்லூரிப் பேருந்து வைத்து மாணவர்களைக் கூட்டிப் போனீர்கள், படங்களை வாசலில் பெரிதாக ஒட்டியிருக்கிறீர்கள். நல்லது. 2600 வருடத்துக்கு முந்தைய பானை ஓட்டில் பெயர் எழுதியவனை நினைத்து எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்கும் நம் இன்றைய வாழ்க்கைக்கும் நடுவில் இருக்கும் கடைசி 200 வருடத்தைச் சொல்லித்தரும் ஒரே இடத்தைப் பூட்டிவிட்டு, கீழடிப் படத்தை மட்டும் வாசலில் வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அரிட்டாபட்டியை நீங்கள் மறந்திருக்க முடியாது. மேலூர்ப் பக்கத்து மலைகளுக்கு அடியில் டங்ஸ்டன் இருக்கிறது, அதைத் தோண்டலாம் என்று 2024இல் ஏலம் முடிந்தது. துளையிடும் கருவிக்கும் ஆயுதத்துக்கும் மின்னணுப் பொருளுக்கும் வேண்டிய உலோகம். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடமும் அந்த ஏலப் பரப்புக்குள் இருந்தது. ஊர் ஊராக ஜனங்கள் கிளம்பினார்கள். தமிழி என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டு எங்கே, சமணர் படுக்கை எங்கே, பெரியாற்றுப் பாசனம் எது வரை, எந்தக் கண்மாய்க்கு எந்த ஓடை என்று அவர்கள் வரிசையாக எடுத்து வைத்தார்கள். 2025 ஜனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தக் கூட்டங்களில் நம் துறையின் பழைய மாணவர்களைப் பார்த்தேன். கல்வெட்டை வாசித்துக் காட்டினார்கள், மனு எழுதிக் கொடுத்தார்கள், நிலப் பதிவேட்டைப் படித்துச் சொன்னார்கள். உங்கள் வேலைவாய்ப்புக் கணக்கில் அவர்கள் எந்தப் பத்தியிலும் வர மாட்டார்கள்.

உங்கள் பக்கத்துக் காரணங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. விண்ணப்பம் குறைந்துவிட்டது என்கிறீர்கள், அது உண்மை. ஆனால் ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் இடத்தை நிரப்பாமல் விட்டது யார்? சேர்க்கை நேரத்தில் அச்சடித்த கையேட்டில் வரலாற்றுக்கு இரண்டு வரி, மற்றப் படிப்புகளுக்கு வண்ணப் பக்கங்கள். என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு வரலாறு படிக்கத்தான் ஆசைப்பட்டாள். விண்ணப்பம் வாங்க வந்தபோது கவுண்டரில் இருந்தவர், "ஹிஸ்டரி படிச்சு என்னம்மா செய்யப்போற, பி.காம். போடு" என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னார். அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, ஆள் வரவில்லை என்று கணக்குக் காட்டுவது நியாயமா?

வேலை கிடைக்காது என்பது அடுத்த காரணம். அரசுத் தேர்வு எழுதும் பிள்ளைகளைக் கேளுங்கள். குரூப் ஒன்றிலிருந்து நான்கு வரை வரலாறும் தேசிய இயக்கமும் கேட்காத தேர்வு கிடையாது. மதுரையில் தெருவுக்குத் தெரு இருக்கும் பயிற்சி மையங்களில், பொறியியல் முடித்த பிள்ளைகள் பணம் கட்டி உட்கார்ந்து இதே வரலாற்றை மனப்பாடம் செய்கிறார்கள். ஏன், எப்படி என்று கேட்டுப் படிக்க வேண்டியதைக் கொள்குறி வினாவாக விழுங்குகிறார்கள். அதை ஒழுங்காகச் சொல்லித்தரும் இடம் நம்மிடம் இருந்தது.

கணினிப் படிப்பை நான் எதிர்க்கவில்லை. அது வரட்டும், எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அதில் சேரட்டும். அதற்காக வரலாறு வெளியேற வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தால்தான் 1024இன் கதையை அந்தப் பிள்ளைகளும், நிரல் எப்படி முடிவெடுக்கிறது என்பதை இந்தப் பிள்ளைகளும் தெரிந்துகொள்வார்கள்.

அதனால் கேட்கிறேன். சேர்க்கையை நிறுத்தும் முடிவை இந்த ஆண்டு செயல்படுத்தாமல் நிறுத்தி வையுங்கள். விண்ணப்பப் படிவத்தில் பி.ஏ. வரலாற்றை மறுபடி சேருங்கள், காலியான ஆசிரியர் இடங்களில் இரண்டையாவது நிரப்புங்கள். அதற்குப் பிறகு மூன்று வருடம் பார்த்துவிட்டு எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவோம்.

புதிதாகத் தொடங்கும் தரவு அறிவியல் உட்பட எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும், இன்றைய உலகம் உருவான வரலாற்றை ஒரு பருவத்துக்காவது பொதுப் பாடமாக வையுங்கள். அதில் பாதி மதுரை மாவட்டத்தை மையமாக வைத்து இருக்கட்டும். பெருங்காமநல்லூருக்கும் பெரியாற்று அணைக்கும் மாணவர்களை நேரில் கூட்டிப் போங்கள். பாடத்திட்டம் எழுத முன்னாள் மாணவர்கள் ஊதியம் இல்லாமல் வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம்.

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கேசட்டுகளையும் நோட்டுகளையும் இந்த வாரமே ஈரம் படாத அறைக்கு மாற்றுங்கள். பட்டியல் எடுக்கவும் கணினியில் ஏற்றவும் எங்களுக்கு அனுமதி கொடுங்கள். கருவியும் ஆளும் நான் கொண்டு வருகிறேன். உங்களால் வைத்துக் காக்க முடியாது என்றால் அதை எழுத்தில் தாருங்கள், மதுரையில் இருக்கும் பொது நூலகம் ஒன்றிடம் நாங்களே பேசி ஒப்படைக்கிறோம். எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் முன்னாள் மாணவர்கள் மூன்று பேரையும், இப்போது துறையில் படிக்கும் மாணவர்கள் இரண்டு பேரையும் பேச அனுமதியுங்கள். துறையை மூடும் முடிவை எந்தக் கூட்டத்தில், எந்தப் புள்ளிவிவரத்தை வைத்து, யார் யார் கையெழுத்திட்டு எடுத்தீர்கள் என்ற குறிப்பின் நகலையும் தாருங்கள். இந்த மடலுக்கு ஜூன் மாதச் சேர்க்கை தொடங்குவதற்கு முன் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
வரலாற்றுத் துறையின் முன்னாள் மாணவி,
உசிலம்பட்டி